இருபத்தேழாம் நம்பர்

கொரியாவில் மனிதர்களுக்கு மொத்தமே மூன்று நிறம்தான் போலிருக்கிறது. பதின்மூன்று, இருபத்தொன்று, இருபத்துமூன்று. நான் வேலை பார்க்கும் முலுண்ட் மால் மேக்கப் கடைக்குக் கொரியாவிலிருந்து முகத்தில் பூசும் குஷன் ஃபவுண்டேஷன் இந்த மூன்று நம்பரில்தான் வரும். இருப்பதிலேயே கறுப்பு இருபத்துமூன்று. அந்தக் கறுப்பை என் கையில் ஒத்திப் பார்த்தால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். "உங்கள் தோலுக்கு அப்படியே பொருந்துகிறது மேடம்" என்று நாள் முழுக்க இந்தியில் பொய் சொல்லித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. எங்கள் வீட்டுக்கே ஒன்று தேவைப்பட்டபோது அந்தப் பொய்யை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. தேடியலைந்து ஆன்லைனில் இருபத்தேழாம் நம்பர் என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. உம்மாவுக்காக வாங்கினேன்.

உம்மாவின் பெயர் பேகம். தாராவியில் எங்கள் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒரு பெண் இறந்துபோனால், மையத்தை, அதாவது அந்த உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்த இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். ஒருத்தி உம்மா. இன்னொருத்தி நாலு சந்து தள்ளி இருந்த சைனப் பெரியும்மா. இதற்குக் காசு கிடையாது. கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அதில் ஒரு கண்டிப்பான விஷயம் உண்டு. குளிப்பாட்டும்போது அந்த உடம்பில் எதைப் பார்த்தாலும் வெளியே வந்து வாய் திறக்கக் கூடாது. தழும்போ கட்டியோ அடிபட்ட தடமோ, எதுவானாலும் மண்ணோடு போக வேண்டும். உம்மா என்னிடம்கூடச் சொன்னதில்லை. சின்ன வயதில் ஒருநாள் துருவித் துருவிக் கேட்டதற்குக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் உம்மாவின் விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. பிறகு உதட்டைச் சுற்றி, அப்புறம் இரண்டு கண்களைச் சுற்றி. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் தெளிவாகச் சொன்னார். தொட்டால் ஒட்டாது, சாப்பாட்டினால் வருவதில்லை, யாரும் செய்த பாவமும் இல்லை. இதை நான் சந்து முழுக்கப் போய்ச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, அடுத்த முறை வந்தபோது உம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதோடு குளிப்பாட்டக் கூப்பிட்டுப் போன் வருவது நின்றது. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பள்ளிவாசல் மைக்கில் இன்னார் மௌத் என்று அறிவிப்பு வரும். உம்மா எழுந்து, நனைந்தால் பரவாயில்லாத பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, துப்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் உட்காருவாள். போன் மடியில் இருக்கும். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கலிமா சொல்லிப் போகிற சத்தம் கேட்டதும் எழுந்து சேலையை மாற்றிவிட்டு அரிசி களைவாள். இதை ஆறு தடவை பார்த்தேன். ஆறாவது தடவைக்கு அப்புறம்தான் குஷன் தேட ஆரம்பித்தேன்.

சைனப் பெரியும்மா மட்டும் மகள் ஆஸியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். "பேகம் எங்கே, அவளைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் வயிறு எரிந்தது. உம்மாவுக்கு எரிந்ததா என்று தெரியாது. பெருநாளைக்கு எப்போதும் போல் அவள் வீட்டுக்குக் கறி கொடுத்து அனுப்பினாள்.

டப்பா வந்த வியாழக்கிழமை எனக்குக் கடை லீவு. உம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன்.

"என்னளா இது, பவுடர் டப்பாவா?"

"பவுடர் இல்ல உம்மா. உள்ள ஸ்பான்ஜ் இருக்கு, அதுல க்ரீம் ஊறிக் கிடக்கு. இந்த பஃப்ப அதுல ஒரு அமுக்கு அமுக்கி முகத்துல வைக்கணும். தேய்க்கப்படாது. ஒத்தி ஒத்தி எடுக்கணும், தெரியுதா?"

கடையில் இதை ஒவ்வொருத்திக்கும் புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆகும். என்ன சொன்னாலும் தேய்த்துவிடுவார்கள். உம்மா பஃப்பின் பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்தாள். நெற்றியில் தொடங்கி, முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், கடைசியில் மோவாய் என்று ஒத்திக்கொண்டே வந்தாள். ஒரு இடத்திலும் தேய்க்கவில்லை. ஒரு இடமும் விட்டுப்போகவில்லை.

"யாரு உம்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"மையத்தத் துவட்டுத மாதிரிதானளா. அதையும் தேய்க்கப்படாது, நோவும்."

டப்பாவை வாங்கி இரண்டாவது சுற்று நானே போட்டேன். முதல் சுற்றில் வெள்ளை லேசாகத் தெரிந்தது, இரண்டாவதில் மறைந்தது. மாநிறமாக இருந்த இடங்கள் கொஞ்சம் வெளுத்தன, வெளுத்திருந்த இடங்கள் கொஞ்சம் கறுத்தன, இரண்டும் நடுவில் எங்கோ சமாதானம் ஆயின. உம்மா மூடியில் இருந்த கண்ணாடியைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைக்கப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன், கலைந்துவிடும் என்று.

தினமும் போட்டுப் பழகுவது என்பது வேறு கதை. பூச்சு இருந்தால் தண்ணீர் தோலில் படாது, தொழுகைக்கு முன் கை முகம் கழுவுகிற ஒளு கூடாது என்று உம்மா ஐந்து வேளையும் கழுவினாள். சுபுஹ் தொழுதுவிட்டுப் போடுவாள், லுஹருக்குக் கழுவுவாள், மறுபடி போடுவாள், அஸருக்குக் கழுவுவாள். மூன்று மாதம் வரும் என்று டப்பாவில் எழுதியிருந்தது ஐந்து வாரத்தில் வறண்டது. செய்தவர்களுக்கு ஒளுவைப் பற்றி யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்? அடுத்ததற்கு ஆர்டர் போட்டேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கழுவிய முகத்தோடு சமையல் தடுப்புக்குப் பின்னால் தொழுவாள். அவளுடைய சொந்த முகம் வெளியே இருந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். அதைப் பார்த்தது அல்லாவும் நானும்.

குர்லாவில் பை தைக்கும் பட்டறைக்குப் போகும் என் வாப்பா சலாவுதீன், முதல் நாள் சாப்பிடும்போது உம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். "முன்னாடியே நல்லாத்தான இருந்தே" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

சந்தில்தான் பேச்சு கிளம்பியது. எங்கள் எதிர் வரிசையில் மைமூன் மாமி இருக்கிறாள். எழுபது வயது, அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பூனை போக முடியாது. குழாயடியில் உம்மாவை நிறுத்தினாள்.

"என்ன பேகம், ஒரேடியா கலராயிட்டே. என்ன சோப்பு போடுதே? நம்ம பேத்திக்கும் சொல்லேன்."

நோயில் வெளுத்தபோது ஒதுங்கிப் போனவள், டப்பாவில் வெளுத்ததும் சோப்பு கேட்கிறாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. உம்மா என் கையை அழுத்தினாள். அந்த வாரம் ஒருத்தி குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள், இன்னொருத்தி உட்கார்ந்து டீ குடித்தாள். ஆனாலும் போன் மட்டும் வரவில்லை. உம்மா காத்திருந்தது அதற்குத்தான்.

ஜூன் மாதம், மழை இன்னும் இறங்காத ஒரு வியாழக்கிழமை காலை, ஆஸியா நேரிலேயே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எங்க உம்மா போயிட்டாவ சாச்சி. சுபுஹுக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல."

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பேகம்தான் என்னையக் குளிப்பாட்டணும்னு போன மாசமே எங்கிட்ட சொல்லி வச்சிருந்தாவ. வேற யாரும் தொடப்படாதுன்னுட்டாவ." ஆஸியா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "ஊர்லேருந்து வந்த ஆளுக இருக்காவ, முலுண்ட்லேருந்து வாப்பா வீட்டு ஆளுக வாராவ. கிளவுஸ் நான் வாங்கி வச்சிருக்கேன். முகம்... இப்ப நல்லாத்தான் இருக்கு சாச்சி. இப்படியே வாங்க."

வேறு நாளாக இருந்தால் அவளை வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு வேறு கணக்கு ஓடியது. இந்த ஒரு தடவை எல்லோரும் பார்க்க உம்மா ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும், பழையபடி கூப்பிடுவார்கள். லுஹர் தொழுததும் உம்மாவை உட்கார வைத்துப் புது டப்பாவைத் திறந்தேன். எப்போதும் இரண்டு சுற்று போடுவோம். அன்றைக்கு மூன்று போட்டேன். அது என் தப்பு. வேர்வையில் எது எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்த கடைக்காரி நான்.

சைனப் பெரியும்மா வீட்டில் கீழ் அறையை ஒழித்து, பள்ளிவாசல் பலகையைப் போட்டு, குறுக்கே சேலை கட்டியிருந்தார்கள். தடுப்புக்குள் உம்மா, ஆஸியா, தண்ணீர் ஊற்ற நான். மின்விசிறி கிடையாது. இலந்தை இலை போட்டுக் கொதித்த தண்ணீரின் ஆவி அறையை விட்டுப் போகவில்லை. உள்ளே என்ன பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுப்பாடு தண்ணீர் ஊற்றியவளுக்கும் உண்டு. உம்மாவைப் பற்றி மட்டும் சொல்லலாம். அவள் எப்போதும் போல் அக்கா முறை வைத்துப் பெரியும்மாவோடு பேசிக்கொண்டே குளிப்பாட்டினாள். "வலது கையத் தாங்க லாத்தா. இதோ முடிஞ்சிட்டு. கொஞ்சம் திரும்பிக்கிடுங்க." தூங்குகிறவளை எழுப்பிவிடாமல் உடை மாற்றுகிறவள் மாதிரிதான் இருந்தது. கற்பூரத் தண்ணீர் ஊற்றி, ஒத்தித் துவட்டி, தலைமுடியை மூன்றாகப் பின்னி, கஃபனை ஒவ்வொன்றாக உடுத்தி, கடைசியில் தலைத்துணியைச் சுற்றினாள். கையுறையைக் கழற்றிவிட்டாள், முடிச்சு போட வரவில்லை என்று.

எல்லாம் முடிந்தபின் குனிந்து, தன் கன்னத்தைப் பெரியும்மாவின் கன்னத்தோடு வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"ஏன் லாத்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நாலு வருடமாக அவள் கேட்காத கேள்வி.

பிறகு நிமிர்ந்து, தடுப்புச் சேலையை விலக்கச் சொன்னாள். கடைசி முகம் பார்க்கப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தது மைமூன் மாமி. குனிந்தவள் நிமிரவில்லை.

"இது என்னளா கறை?"

தலைத்துணியின் ஓரத்தில், வாய்க்குப் பக்கத்தில், அரை உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு. கஃபன் அவ்வளவு வெள்ளை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இருபத்தேழாம் நம்பர்.

"வாயிலேருந்து எதும் வந்திருக்கா?" என்றாள் மாமி. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "குளிப்பாட்டுனதுக்கு அப்புறமா வந்திருக்கு?" "யா அல்லா, எத்தனை மையத்தக் குளிப்பாட்டுன கை, கடைசில அவளுக்கா இப்படி?" "உள்ள என்ன வச்சிருந்தாளோ." இந்தக் கடைசி வார்த்தை முலுண்டிலிருந்து வந்த கூட்டத்திலிருந்து வந்தது. ஆஸியா பெரியும்மாவின் தலைமாட்டில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் நம்பிவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. தன் உம்மாவின் உடம்பிலிருந்துதான் அது வந்தது என்று அவளும் நம்பிவிட்டாள்.

நான் உம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். நான் அப்படி நினைத்ததை இங்கே மறைக்க எனக்கு ஆசையில்லை. துணியை ஒரு மடிப்பு உள்ளே தள்ளினால் போதும், இரண்டு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். இறந்தவளுக்கு இனி என்ன? இருக்கிறவளுக்குத்தான் இந்தச் சந்தில் வாழ வேண்டியிருக்கிறது. இவள் வாய் திறந்தால் முகமும் போகும், இனி ஒரு வீட்டிலும் இவளைக் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவையும் ஒரு பார்வையில் சொன்னேன். உம்மாவுக்குப் புரிந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், புரிந்தது.

"உமைரா, தண்ணி எடு," என்றாள்.

நான் அசையவில்லை.

"எடுளா."

பக்கெட்டில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குவளையில் எடுத்தேன். பெண்கள் எல்லோருக்கும் எதிரில் உம்மா குனிந்து இரண்டு கையையும் ஏந்தினாள். ஊற்றினேன். முகத்தைக் கழுவினாள், ஒளு செய்கிற மாதிரி மூன்று தடவை. மோவாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. கஃபனில் வெட்டி மிச்சம் வைத்திருந்த துண்டுத் துணியை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த முகத்தை அழுத்தித் தேய்த்துத் துடைத்தாள். துணியை விரித்து மைமூன் மாமிக்கு முன்னால் நீட்டினாள். இரண்டும் ஒரே கறை.

"நல்லாப் பாத்துக்கிடுங்க மாமி. இது என் மூஞ்சில பூசுனது. லாத்தா கன்னத்துல என் கன்னத்த வச்சேன், துணில ஒட்டிட்டு. மையத்துல ஒண்ணும் இல்ல. லாத்தா சுத்தமாத்தான் போறாவ. கறை என்னோடது."

கண்ணைச் சுற்றியும் உதட்டைச் சுற்றியும் வெள்ளையாக, நனைந்த முகத்தோடு அவள் நின்றாள். போன நாலு மாதத்தில் சந்துக்காரர்கள் பார்க்காத அளவுக்கு வெள்ளை பரவியிருந்தது. சோப்பு கேட்டவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை, குவளையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உம்மா புதுத் துணியில் இன்னொரு தலைத்துணி வெட்டினாள். வெளுத்த விரல்களோடு, கையுறை இல்லாமல், பழையதை அவிழ்த்துப் புதியதைச் சுற்றினாள். தடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கும். ஆஸியா வந்து தன் உம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு பேர் கையும் ஒன்றோடொன்று பட்டது, ஆஸியா விலக்கவில்லை. அஸருக்குச் சந்தூக் கிளம்பியது.

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் எல்லோரும் மனம் திருந்தி உம்மாவைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜூலையில் பின்னால் உள்ள சந்தில் ஒரு மௌத். ஆஸியாவைத்தான் கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் இன்னொன்று. உம்மா பழைய சேலை கட்டிக் கதவுப் பக்கம் உட்காருவதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்ப்பது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குத் திறந்த டப்பா அதற்குப் பிறகு அவள் தொடாமல் அலமாரியில் கிடந்தது. தூக்கிப் போடப் போனேன். "நல்ல சாமானுதான் புள்ள, நீ போட்டுக்கிடு," என்றாள். நான் போடவில்லை. கடையில் யாராவது குஷன் கேட்டால் அடுத்த கவுண்டர் பெண்ணைக் கைகாட்டிவிடுகிறேன்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், மைமூன் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வீடு தேடி வந்து நாலு வருடம் ஆகிறது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், என்னைப் பார்த்தாள். வெளியே போகச் சொல்கிறாள் என்று புரிந்தும் நான் போகவில்லை. டீ போடுகிற சாக்கில் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். மாமி உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். அன்றைக்கு அத்தனை பேர் கேட்கக் கறை என்று கத்தியவளுக்கு இன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"பேகம், நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன் பாத்துக்கோ. போனா என்னைய நீதான் குளிப்பாட்டணும். மருமவள்ட்ட சொல்லிட்டேன். வேற ஒருத்தி கை படப்படாது."

உம்மா சுவர்ப் பக்கம் நகர்ந்து மாமிக்கு இடம் விட்டாள்.

"அன்னைக்கு நீ பேசாம இருந்திருந்தா, அந்தப் பழி சைனப் மேலதான் போயிருக்கும். நானேதான ஆரம்பிச்சேன்." மாமி மேல் துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றினாள். "எனக்கு உடம்புல ஒரு குறை இருக்குளா. கல்யாணம் ஆன நாள்லேருந்து யாருக்கும் தெரியாது, பெத்த பிள்ளையளுக்குத் தெரியாது. அத எப்படி உங்கிட்ட..."

நான் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"சொல்லாதிய மாமி," என்றாள் உம்மா. அவளுடைய வெளுத்த கையை மாமியின் கை மேல் வைத்தாள். "அன்னைக்கு நானே பாத்துக்கிடுதேன்."